ஸ்தோயிக்கரும் கிறித்தவரும் - வள்ளுவரும்

மலாக்கா நகரின் நடுவே ஒரு குன்று பவுலடியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாச்சாங் முதலிய புறநகர்ப் பகுதிகளிலிருந்து நகருக்குள் வருவோர் அதன் உச்சியில் கூரையிழந்து நிற்கும் பழைய கோயிற் சுவர்களைக் காண்பர். போர்த்துக்கீசியர் 1521-இல் எழுப்பிய கோயில் அது. 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தரே அதற்குப் பவுலின் பெயரைச் சூட்டினர். தமிழகத்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் சமயப் பணியாற்றிய பிரான்சிசு சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். அவருடைய உடலும் 1553-இல் சில திங்கள் இக்கோயிலில் அடக்கமாயிருந்து, பின்னரே கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. தமிழர் கரையையும் மலாக்காவையும் இணைத்த அந்த இயக்கத்திற்கு மூலவர் எனத்தக்கவர் குன்றுக்குப் பெயர் தந்த பவுலே ஆவார். அவர் ஏதென்சு நகரில் தத்துவ ஞானியரை எதிர்கொண்ட நாளிலிருந்து இவ்வரலாறு தொடங்குகின்றது.

விவிலியத்தின் தமிழாக்கம் அந்த ஞானியருள் ஒரு சாராரை 'ஸ்தோயிக்கர்' என்று குறிக்கும். கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் சைப்பிரசுத் தீவினரான சீனோ என்பவர் ஏதென்சுச் சந்தைவெளியில், ஓவியந் தீட்டப்பெற்ற தூண் மண்டபம் ஒன்றில் அமர்ந்து பாடஞ்சொன்னார். மண்டபத்திற்குக் கிரேக்க மொழியில் 'ஸ்தோவா' என்று பெயர். அப்பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. உலகம் முழுவதையும் ஓர் அறிவு ஊடுருவி நின்று நடத்துகின்றது. மனிதனின் அறிவு அதன் பொறியே. அவ்வறிவோடு இயைந்து வாழ்வதே அறம். அறம் ஒன்றே நன்மை. செல்வமும் வறுமையும், நோயும் நலமும், வாழ்வும் சாவும் அறவோனை உயர்த்தவுமாட்டா, தாழ்த்தவுமாட்டா - இவையே அவர்தம் கொள்கையின் சாரம். நம் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறிந்து, இல்லாததற்காகக் கலங்காதிருத்தலை அவர்கள் பயிற்சியாகவே மேற்கொண்டனர். ஊர் வேற்றுமையும் குல வேற்றுமையும் பாராது உலகனைத்தையும் ஒரே நகராகக் கருதினர். புறநானூற்றின் 192-ஆம் பாட்டைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்க்கு இக்கருத்துகள் அயலாகத் தோன்றா.

இத்தகையோர் நடுவே பவுல் ஏறத்தாழக் கி.பி. 50-இல் வந்து சேர்ந்தார். அப்போசுதலர் நடபடிகள் என்னும் நூலின் 17-ஆம் இயல் அந்நிகழ்ச்சியை விவரிக்கின்றது. எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கருமான ஞானியர் சிலர் அவரோடு வாதிட்டனர். அங்குமிங்கும் பொறுக்கிய சொற்களைப் பிதற்றுபவர் என்று எள்ளியோரும் அவருள் இருந்தனர். பின்னர் அவரை அரேயோபாகு மன்றத்திற்கு அழைத்துச் சென்று பேசவிட்டனர். பவுலின் பேச்சு திறமிக்கது. யூத மறைநூல்களை அவர் எடுத்துக்காட்டவில்லை. ஸ்தோயிக்கச் சார்புடைய அராத்தசு என்னும் கிரேக்கப் புலவரின் கருத்தொன்றையே எடுத்து, மாந்தர் அனைவரும் கடவுளின் மரபினர் என்று அவர்தம் புலவரும் பாடியிருப்பதை நினைவூட்டினார். அராத்தசு சிலிசியா நாட்டினர்; பவுலும் அந்நாட்டுத் தர்சு நகரினர். சொந்த நாட்டுப் புலவரின் செய்யுள் தக்க இடத்தில் கைகொடுத்தது எனலாம்.

அதுவரை கேட்டிருந்தோர், இறந்தவர் உயிர்த்தெழுதலைப் பற்றிய பேச்சு வந்ததும் நகைத்தனர். அந்நகைப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஸ்தோயிக்கரின் கடவுள் உலகெங்கும் கலந்து நிற்கும் அறிவுத்தீ. ஒருவரைத் தனியே தேர்ந்து, ஒரு நாளில், ஓர் ஊரில், கல்லறையிலிருந்து எழுப்பும் கடவுளை அவர்களால் எண்ணவும் இயலவில்லை. ஆயினும், மற்றொருமுறை கேட்போம் என்று சொன்னவரும் அவருள் இருந்தனர் என்று அந்நூலே கூறுகின்றது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளின் கதை ஏறக்குறைய அந்த மற்றொருமுறையின் கதையே.

ஏதென்சைவிட்டுப் பவுல் கொரிந்துக்குச் சென்றார். அங்கே யூதர் சிலர் அவரை அகாயா நாட்டு ஆளுநர் கல்லியோன்முன் நிறுத்தினர். இது தம் வேதத்தைப் பற்றிய வழக்கு, தமக்கு இதில் வேலையில்லை என்று கல்லியோன் தள்ளிவிட்டார். நீதிபீடத்தின் முன்னிலையிலேயே ஒருவரைக் கூட்டத்தார் அடித்தபோதும் அவர் கண்டுகொள்ளவில்லை. இந்தக் கல்லியோன் ஸ்தோயிக்கருள் பெரியவரான செனெக்காவின் தமையனார். சினத்தைப் பற்றிச் செனெக்கா எழுதிய நூல் இவரை நோக்கி எழுதப்பெற்றதே. சினவாமையைத் தம்பியிடம் அண்ணன் நன்றாகவே கற்றிருந்தார் போலும். அடிபட்டவனுக்கு அதனால் பயனேதும் இல்லை.

கல்லியோனைப் பற்றிய கல்வெட்டொன்று தெல்பி நகரில் கிடைத்துள்ளது. அதனைக் கொண்டு அவர் அகாயாவில் ஆளுநராயிருந்த காலம் கி.பி. 51, 52-ஐ ஒட்டியது என்று கணிக்கின்றனர். பவுலின் வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஆண்டு வகுக்க உதவும் உறுதியான ஆணி இதுவே. செனெக்காவும் பவுலும் ஒரே காலத்தினர் என்பதும், நீரோ மன்னனின் ஆட்சிக் காலத்தில் இருவரும் உரோம் நகரில் இருந்தனர் என்பதும் இதனால் தெளிவாம். ஆயினும் இருவரும் சந்தித்தமைக்கு ஒரு சான்றும் இல்லை. செனெக்காவின் நூல்களில் கிறித்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீரோவின் ஆசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த அவர், கி.பி. 65-இல் அம்மன்னனின் ஆணைப்படி தம் நரம்பை அறுத்துக்கொண்டு இறந்தார்.

வரலாறு தராத சந்திப்பைப் பிற்காலத்தார் தாமே எழுதிக்கொண்டனர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் செனெக்காவும் பவுலும் ஒருவர்க்கொருவர் எழுதியனவாகப் பதினான்கு கடிதங்கள் வழங்கத் தொடங்கின. எட்டுச் செனெக்காவின் பெயரிலும் ஆறு பவுலின் பெயரிலும் அமைந்தவை. பெரிய சிந்தனை எதனையும் அவற்றில் தேடுவார் ஏமாற்றமே அடைவர். பெரும்பாலும் முகமன் உரைகளே. பவுலின் திருமுகங்களை நீரோவுக்குப் படித்துக் காட்டியதாக ஒரு கடிதத்தில் செனெக்கா சொல்கின்றார். இன்னொன்றில், சொல்வளம் பற்றிய நூலொன்றைப் பவுலுக்கு அனுப்பி வைக்கின்றார்! பவுலின் நடை போதாது என்று அந்தப் போலிக் கடிதத்தை எழுதியவர்க்கும் ஒரு மனக்குறை இருந்திருக்கும் போலும். இக்கடிதங்களைக் கொண்டே அறிஞர் எரோனிமுசு, 392-ஐ ஒட்டி எழுதிய தம் கிறித்தவ நூலாசிரியர் வரிசையில் செனெக்காவுக்கும் இடமளித்தார். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆப்பிரிக்கத் திருச்சபையின் தெர்த்துல்லியன், செனெக்கா பலவிடத்தும் நம்மவரே என்னும் பொருள்படப் பேசியிருந்தார். இடைக்காலம் முழுவதும் இக்கடிதங்கள் மெய்யென்றே நம்பப்பட்டன. எராஸ்மஸ் முதலிய மறுமலர்ச்சிக் கால அறிஞரே நடையை ஆராய்ந்து, இவை செனெக்காவின் எழுத்தும் அல்ல, பவுலின் எழுத்தும் அல்ல என்று காட்டினர்.

போலிக் கடிதத்தில் இருவரும் கைகுலுக்குகின்றனர். மெய்யாக நடந்த சந்திப்போ நீதிமன்றத்தில் நடந்தது, குருதியில் முடிந்தது.

யுசுத்தீன் என்பவர் பாலத்தீன நாட்டினர். கிரேக்கக் கல்வி பெற்றவர். உண்மையைத் தேடி முதலில் ஸ்தோயிக்க ஆசிரியர் ஒருவரிடம் சென்றதாகவும், கடவுளைப் பற்றி அவரிடம் அறியக் கிடைத்தது ஏதுமின்மையால் விலகியதாகவும் அவரே எழுதியுள்ளார். பின்னர்க் கிறித்தவரானார், ஆயினும் தத்துவ ஞானியரின் மேலாடையைக் களையவில்லை. அவ்வுடையிலேயே உரோமில் பாடஞ்சொன்னார். ஸ்தோயிக்கரின் அறக்கொள்கையை மனமாரப் போற்றினார். கிறித்து பிறப்பதற்கு முன்னரே அறிவோடு வாழ்ந்தோர்பால் இறையறிவின் வித்துகள் விதைக்கப்பட்டிருந்தன என்று அவர் விளக்கினார். இந்த 'வித்து' என்னும் கருத்தே ஸ்தோயிக்கரின் இயற்கை நூலிலிருந்து அவர் எடுத்தாண்டது. எதிரியின் களஞ்சியத்திலிருந்து விதை எடுத்து எதிரியின் நிலத்தையே உழுதார் எனலாம்.

கி.பி. 165-ஐ ஒட்டி யுசுத்தீன் பிடிபட்டார். விசாரித்தவர் உரோம் நகர ஆட்சித்தலைவர் யூனியுசு உருசுத்திக்குசு. மன்னன் மார்க்கசு அரேலியசு தம் சிந்தனைக் குறிப்புகளின் முதற்பகுதியில் நன்றியோடு நினைக்கும் ஆசிரியருள் இவரும் ஒருவர். எப்பிக்தேத்தசின் உரைகளைத் தம்மிடமிருந்த படியிலிருந்து மன்னனுக்குப் படிக்கத் தந்தவர் இவரே. ஆகவே அந்த அறையில் நின்றோர் இருவரும் நூலறிவினர். இருவரும் ஸ்தோயிக்கரைக் கற்றவர். ஒருவர் நாற்காலியில், மற்றவர் தளையில்.

அவ்விசாரணையின் குறிப்பு இன்றும் கிடைக்கின்றது. ஆடம்பரமற்ற எழுத்து அது. எக்கொள்கையைக் கற்றீர், எங்கே கூடுகின்றீர் என்று உருசுத்திக்குசு கேட்கின்றார். ஒரு குளியல் மண்டபத்திற்கு மேலுள்ள வீட்டில் தங்கியிருப்பதாகவும், அங்கு வருவோர்க்குத் தாம் கற்பிப்பதாகவும் யுசுத்தீன் விடையிறுக்கின்றார். உடன் நின்ற அறுவரிடமும் வினாத் தொடர்கின்றது. அவருள் எவெல்பித்தசு என்பவர் மன்னனின் அடிமை. அடிமைதான், ஆயினும் கிறித்துவால் விடுதலை பெற்றவன் என்னும் பொருள்பட அவர் விடை கூறுகின்றார். எப்பிக்தேத்தசும் அடிமையாயிருந்தவரே. உடலுக்குத் தளையிடலாம், உள்ளத்திற்கு இடவியலாது என்று அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்ததை உருசுத்திக்குசு மன்னனுக்கே படிக்கத் தந்தவர். அதே கருத்து மன்னன் வீட்டு அடிமையின் வாயிலிருந்து வேறு பெயரால் வெளிவந்தபோது அதனை அவர் இனங்கண்டுகொள்ளவில்லை. தேவர்க்குப் பலியிட மறுத்தமைக்காக எழுவர்க்கும் கசையடியும் தலைவெட்டும் தீர்ப்பாயின.

உருசுத்திக்குசைக் கொடியவர் என்று கூறி இதனைக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. சட்டத்திற்கும் அரசின் வழிபாட்டிற்கும் இணங்குதல் ஒவ்வொருவர்க்கும் வாய்த்த கடமை என்று ஸ்தோயிக்கர் கருதினர். சாவுக்கு அஞ்சாமையை அவர்கள் போற்றினரேனும், ஆராய்ந்தறிந்த அஞ்சாமையையே மதித்தனர். கலிலேயர் என்று தாம் குறிக்கும் கிறித்தவர் பழக்கத்தால் அஞ்சாதிருக்கின்றனர் என்று எப்பிக்தேத்தசு ஓரிடத்தில் குறிப்பிடுகின்றார். மார்க்கசு அரேலியசின் குறிப்புகளில் கிறித்தவர் பெயர் ஒரேயோரிடத்தில் வருகின்றது. சாவை ஏற்கும் துணிவு தனக்கே உரிய முடிவாக இருத்தல்வேண்டும், கிறித்தவரைப் போல வெறும் எதிர்ப்புணர்வாக இருத்தலாகாது என்பது அவ்விடத்துக் கருத்து. அப்பெயரைப் பிற்காலத்தார் சேர்த்திருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும் அவருடைய ஆட்சியிலேயே, 177-இல், கால் நாட்டு லியோன் நகரில் கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். உலகம் ஒரே நகர் என்று எழுதிய கை, அந்நகரில் கிறித்தவர்க்குத் தெரு ஒதுக்கவில்லை.

காலம் மாறிற்று. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அரசே கிறித்தவச் சார்பு பெற்றது. வென்றவர் தோற்றவரின் நூல்களை எரித்துவிடவில்லை, தமதாக்கிக்கொண்டனர். மிலான் நகரத் தலைமைக் குரு அம்புரோசு தம் குருமார்க்குரிய கடமைகளைப் பற்றி எழுதியபோது, சிசரோவின் கடமை நூலையே முன்மாதிரியாகக் கொண்டார். சிசரோவின் அந்நூலோ பனேத்தியசு என்னும் ஸ்தோயிக்கரைத் தழுவி எழுந்தது. எப்பிக்தேத்தசின் கைந்நூலைத் துறவியர் மடங்களுக்கேற்பத் திருத்திப் படித்தனர். அத்தகைய ஒரு படியில், தேவர்கள் என்ற பன்மை ஒருமையாயிற்று. சாக்ரட்டீசு இருந்த இடத்தில் பவுலின் பெயர் ஏறிற்று. ஏதென்சில் நகைக்கப்பட்டவர் கடைசியில் ஸ்தோயிக்கரின் பாடநூலுக்குள்ளேயே வந்து அமர்ந்தார்.

எல்லாமே இசைந்துவிட்டன என்று எண்ணுதலும் தவறு. இசையாத இடங்களே இரு தரப்பையும் நன்கு காட்டுவன. கடவுளுக்குச் சினமில்லை என்ற தத்துவ ஞானியரை மறுத்து லக்தான்சியசு தனி நூலே எழுதினார். தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளுதலை அகுசுத்தீன் தம் கடவுள் நகர நூலின் முதற்பகுதியிலேயே கண்டித்தார். அனைத்தினும் ஆழமான வேற்றுமை இரக்கத்தைப் பற்றியது. நீரோ அரியணை ஏறிய புதிதில் அவனுக்கென்று எழுதிய நூலில், மன்னனுக்குத் தணிவு வேண்டும் என்று செனெக்கா வற்புறுத்துகின்றார். ஆனால் பிறர் துன்பம் கண்டு உள்ளம் உருகும் இரக்கத்தை மனத்தின் பிணி என்றே ஒதுக்குகின்றார். அறவோன் உதவுவான், ஆனால் கலங்கான். கிறித்தவரோ நண்பனின் கல்லறைமுன் கண்ணீர்விட்ட ஒருவரையே கடவுளாக வணங்கினர்.

இந்த வேற்றுமையை நெஞ்சில் இருத்திக்கொண்டு தமிழகத்திற்கு வந்தால், செனெக்காவுக்கு நேர்ந்ததே திருவள்ளுவர்க்கும் நேர்ந்ததைக் காணலாம். மதுரையில் 1606-இல் வந்து துறவுக்கோலம் பூண்ட இராபர்ட் தெ நொபிலி, தத்துவ ஞானியரின் ஆடையைக் களையாத யுசுத்தீனை நினைவூட்டுகின்றார். 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். மடத்தார் எப்பிக்தேத்தசைத் திருத்திப் படித்ததோடு இதனை ஒப்பிடுதல் சற்று மிகையாகலாம். ஆனால் ஒரே வகையான கூச்சம் இரண்டிலும் உண்டு.

1886-இல் ஜி.யு. போப் திருக்குறள் முழுவதற்கும் தம் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அந்நூலின் முன்னுரையோ விந்தையானது. மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு உலாவி உரையாடுவதாக அவர் கற்பனை செய்தார். மலைப்பொழிவின் எதிரொலி குறளில் கேட்பதாகக் கருதினார். அதற்கேற்பக் குறளின் காலத்தைக் கி.பி. 800-க்கும் 1200-க்கும் இடையே வைத்தார். பொய்யில் புலவன் என்று போற்றி மணிமேகலை குறளொன்றை எடுத்தாள்கின்றது. மணிமேகலையைப் பலரும் 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கொள்வர். அக்காலக் கணக்கு நிற்பதற்கு இடமில்லை. போப்பின் கற்பனையைப் பிற்காலத்தில் ஆராய்ச்சி என்ற பெயரால் வளர்த்தோரும் உளர். சமணர் தம்மவர் என்றனர். சைவரும் அவ்வாறே உரிமை கோரினர். ஒவ்வொரு தரப்பும் கையில் ஒரு சில குறள்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மறைத்துப் பிடித்தது.

குறளின் உள்ளே நுழைந்தால் இவ்வழக்குகள் தாமே தளர்கின்றன. 63-ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமையைச் செனெக்காவின் கையில் கொடுத்தால், தம் பள்ளியின் நூலென்றே அவர் ஏற்றுக்கொள்வார். துன்பத்தை எள்ளி, அதற்கே துன்பம் தரும் உறுதி அங்கு உண்டு. 58-ஆம் அதிகாரத்தை அவர் ஏற்கமாட்டார். கண்ணோட்டத்தை வள்ளுவர் பொருட்பாலில், அரசனுக்குரிய இயலிலேயே வைத்துள்ளார். செனெக்கா நீரோவுக்கு எதனைப் பிணி என்று சொன்னாரோ, அதனையே வள்ளுவர் அரசனுக்கு அணிகலம் என்கின்றார். அன்புடைமை அதிகாரமோ அன்புடையாரின் கண்ணீரையே அன்புக்குச் சான்றாக்கித் தொடங்குகின்றது. அவ்விடத்தில் கிறித்தவர் மகிழ்வர். ஆனால் ஊழ் அதிகாரத்தையும் மறுபிறப்புப் பற்றிய குறிப்புகளையும் கண்டு தயங்குவர். கடவுளுக்கு மனிதன் ஏங்கும் ஏக்கமோ, பாவத்திலிருந்து மீட்கும் மீட்பரோ குறளில் இல்லை. எவருடைய பதின்மூன்று கடிதங்கள் பொருந்தினாலும், பதினான்காவது பொருந்தாத நூல் அது.

1960-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குப் பேராசிரியராக வந்தவர் தனிநாயக அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். உரோமில் பயின்று 1938-இல் கத்தோலிக்கக் குருவானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கச் செய்யுளின் இயற்கையை ஆராய்ந்தவர். மலாயாவில் அவர் நிகழ்த்திய தொடக்கப் பேருரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியச் சிந்தனையும் உரோம ஸ்தோயிக்கக் கொள்கையும் என்பது. உரோமில் இலத்தீனைக் கற்ற ஒருவர், பவுலின் சபையைச் சேர்ந்த ஒருவர், வள்ளுவரைத் தம் சமயத்தவராக்கும் வாய்ப்பு அனைத்தும் பெற்றிருந்த ஒருவர் - அவ்வழியே செல்லவில்லை. 1966 ஏப்ரலில் அவர் முன்னின்று கோலாலம்பூரில் கூட்டிய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டிற்குப் பல நாட்டினரும் பல சமயத்தினரும் வந்தனர். அதே ஆண்டில், அந்தாவோ தெ புரோவென்சா என்னும் இயேசு சபையினர் இயற்றி 1679-இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியின் படியும் அடிகளின் முயற்சியால் கோலாலம்பூரில் மறுபடி வெளிவந்தது. சவேரியார் கால்வைத்த கரையிலிருந்து, குன்றின்மேல் நிற்கும் பாழடைந்த சுவர்களுக்கு அப்பால், அந்நூல் மலேசியத் தமிழ் மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது.